தோட்டத்துக் காதுகள்

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் ஒரு கோரிக்கைப் பட்டியல் வைத்தது. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை இந்தியனுக்கும் கொடு. கள்ளுக்கடையை மூடு. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும், நோய் வந்தால் மருந்து வேண்டும். பெண்களிடம் துரைமாரும் கறுப்புத் துரைமாரும் தவறாக நடப்பது நிற்க வேண்டும். துரைக்கும் கிராணிக்கும் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் போக விடு. சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் தோட்டத்துக்குள் வந்து போகத் தடை கூடாது. இவற்றுக்கு நடுவில் ஒன்று: பேச்சுச் சுதந்திரமும் கூட்டம் கூடும் சுதந்திரமும் வேண்டும்.

சைக்கிள் கோரிக்கையை எல்லாரும் எடுத்துச் சொல்வார்கள். நம் கட்டுரைகளில் அது வராத கட்டுரை கிடையாது. பேச்சுச் சுதந்திரம் என்ற வரியைத்தான் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம், ஏதோ அந்தக் காலத்துக் காங்கிரஸ் மேடையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த அலங்காரம் மாதிரி. ஆனால் அந்தக் கோரிக்கை யாரிடம் வைக்கப்பட்டது என்று பாருங்கள். கவர்னரிடம் இல்லை, போலீசிடம் இல்லை. முதலாளியிடம். தோட்டத் தொழிலாளி தான் பேசுவதற்கு அனுமதி கேட்க வேண்டிய இடம் அரசாங்கம் அல்ல, தோட்ட நிர்வாகம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. காலனிய அரசு அவன் பேச்சைக் கேட்கத் தொடங்குவதற்கு வெகு முன்பே தனியார் காதுகள் கேட்டுக்கொண்டிருந்தன.

இந்தக் காதுகளின் கதையை நெகிரி செம்பிலானை வைத்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். சிரம்பான், ரந்தாவ், லாபு, போர்ட்டிக்சன், பகாவ் பக்கத்துத் தோட்டங்கள் கிள்ளான் அளவுக்கோ கெடா அளவுக்கோ வரலாற்றுப் புத்தகங்களில் இடம்பெறவில்லை. ஆனால் இந்தச் சரடின் பல முடிச்சுகள் இந்த மாநிலத்தில்தான் விழுந்திருக்கின்றன.

கங்காணியிலிருந்து தொடங்க வேண்டும். ஊருக்குப் போய் ஆள் பிடித்து வந்தவர் அவர். பிடித்து வந்த ஒவ்வொரு ஆளும் வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே தன் ஆட்கள் என்ன பேசுகிறார்கள், யார் வேறு தோட்டத்துக்கு ஓடப் பார்க்கிறார்கள், யாரோடு யார் உட்கார்ந்து குசுகுசுக்கிறார்கள் என்பது அவருக்குக் காசு விஷயம். அவர் அந்நியரும் இல்லை. பல குடும்பங்களுக்கு ஒரே ஊர், ஒரே சாதி, பெரியப்பா முறை, மாமா முறை. கல்யாணத்துக்குக் கடன் கொடுப்பவரும் அவர்தான், மறுநாள் ஆபீசில் வத்தி வைப்பவரும் அவர்தான். கண்காணிப்பு என்ற சொல்லும் கங்காணி என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதை நாம் மறந்துவிட்டு, அவரை ஏதோ மேஸ்திரி என்று மட்டும் நினைத்துக்கொள்கிறோம்.

அப்புறம் லைன் வீடு. பழைய லைன்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் பலகைத் தடுப்பு. பல இடங்களில் அது கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். கடிதமும் பத்திரிகையும் தோட்ட ஆபீஸ் வழியாக வந்தன. யாருக்குத் தமிழ் நேசன் வருகிறது, யாருக்குத் தமிழ் முரசு வருகிறது என்று கிராணிக்குத் தெரியாமல் இருக்க முடியாது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் சாயங்காலம் சத்தம் போட்டுப் பத்திரிகை படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவராவது காலையில் பெரட்டுக்குப் போகும்போது விஷயத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

துரைமாரும் தமிழ் படித்தார்கள். சின்னத் துரையாக வருகிறவர் தமிழ்த் தேர்வு எழுத வேண்டியிருந்தது. தோட்டத் துரைமார் சங்கமே, அதாவது 1919-இல் தொடங்கிய இன்கார்ப்பரேட்டட் சொசைட்டி ஆஃப் பிளான்டர்ஸ், அந்தத் தேர்வை நடத்தியது. அவர்கள் கற்ற தமிழில் ஏவல் வினைகள்தான் மிகுதி. வா, போ, வெட்டு, நிறுத்து. ஆனால் காது கேட்பதற்கு அது போதும்.

தண்டனை என்ன? ஜெயில் இல்லை. இதுதான் முக்கியம். தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம்: வாயத் தொறந்தா வேலை போயிரும், வேலை போனா வூடு போயிரும், வூடு போனா புள்ளைங்க பள்ளிக்கூடமும் போயிரும். எல்லாம் ஒரே கையெழுத்தில் முடிந்துவிடும். நீதிமன்றம் வேண்டாம், சாட்சி வேண்டாம், குற்றச்சாட்டைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தோட்டத்தில் வெளியேற்றப்பட்டவன் அடுத்த தோட்டத்தில் போய் நின்றால் அங்கேயும் செய்தி முன்னாலேயே போயிருக்கும். தோட்ட முதலாளிகள் சங்கமாக இணைந்திருந்ததன் பலன் அது. கூலியைச் சேர்ந்து முடிவு செய்தவர்கள், யாரை வேலைக்கு வைக்கக் கூடாது என்பதையும் சேர்ந்து பேசிக்கொள்வதற்குத் தடை ஏதும் இருக்கவில்லை.

முதலாளிகள் சங்கத்தை நாம் வியாபார அமைப்பாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். அது ஒரு பிரச்சார அமைப்பும்கூட. லண்டனில் ரப்பர் குரோவர்ஸ் அசோசியேஷன், இங்கே யுனைடெட் பிளான்டிங் அசோசியேஷன் ஆஃப் மலாயா, போருக்குப் பிறகு எம்.பி.ஐ.இ.ஏ. என்ற முதலாளிகள் சங்கம். இவை காலனிய அரசிடம் எப்போதும் ஒரே வாதத்தை வைத்தன: தொழிலாளிக்குக் குறையே இல்லை, வெளியிலிருந்து வரும் கிளர்ச்சிக்காரர்கள்தான் தூண்டிவிடுகிறார்கள். இந்த வாதத்தை நிறுவ வேண்டுமானால் கிளர்ச்சிக்காரர் யார் என்று பெயர் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல வேண்டுமானால் யார் எந்தத் தோட்டத்துக்கு வந்தார், என்ன பேசினார் என்று தெரிந்திருக்க வேண்டும். கங்காணியின் காதில் தொடங்கியது இப்படித்தான் கோலாலம்பூர் மேசை வரைக்கும் போனது.

1941-இல் ஆர்.எச். நாதனுக்கு நடந்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். தமிழ் நேசனில் துணை ஆசிரியராக இருந்தவர், கிள்ளான் சங்கத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். மே மாதம் அவரைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அதை எதிர்த்து வேலைநிறுத்தம் பெரிதானது, ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். நாதன் செய்தது பேசியதும் எழுதியதும்தான். கைது செய்தது அரசு. ஆனால் அவரை ஆபத்தானவராக ஆக்கிய கதையைப் பல காலமாகச் சொல்லிவந்தவர்கள் தோட்ட முதலாளிகள்.

போர் முடிந்து 1946-இல் எல்லாமே வேறு மாதிரி இருந்தது. சயாம் மரண ரயிலுக்குப் போய் உயிரோடு திரும்பியவர்களும், இந்திய தேசிய ராணுவத்தில் துப்பாக்கி பிடித்தவர்களும் திரும்பவும் பால் வெட்டப் போனார்கள். இவர்களைச் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? தோட்டத்துக்குத் தோட்டம் சங்கம் பிறந்தது. சிரம்பானை மையமாக வைத்து நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கம் வளர்ந்தது. அதன் வழியாகத்தான் பி.பி. நாராயணன் என்ற இளைஞர் பொதுவாழ்வுக்கு வந்தார். பின்னாளில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளராகச் சாகும்வரை இருந்தவர். அதே நேரம் இடதுசாரிகள் நடத்திய பான்-மலாயன் தொழிற்சங்கச் சம்மேளனம் இன்னொரு பக்கம் தோட்டங்களுக்குள் வேர் விட்டிருந்தது.

முதலாளிகள் எடுத்த ஆயுதம் அத்துமீறல் சட்டம். தோட்டம் தனியார் சொத்து. அங்கே போகும் பாதை, லைன், கோயில் திடல், பந்து விளையாடும் இடம் எல்லாமே கம்பெனிக்குச் சொந்தம். சங்கத்துக்காரர் உள்ளே வந்து பேசினால் அவர் அத்துமீறி நுழைந்தவர். என்ன பேசினார் என்ற கேள்விக்கே இடமில்லை. தொழிலாளியின் வீட்டு வாசலில், தொழிலாளி அழைத்து வந்து நின்றாலும் அத்துமீறல்தான், ஏனென்றால் அந்த வாசல் தொழிலாளியுடையது இல்லை. சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் வந்துபோகத் தடை கூடாது என்று கிள்ளான் பட்டியலில் இருந்த வரியின் அர்த்தம் இங்கேதான் விளங்குகிறது. கேட்டில் நிற்கும் ஜாகா விடாவிட்டால் பேச்சுச் சுதந்திரம் சடக்கிலேயே நின்றுவிடும்.

அதே 1946-இன் ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மார்ஷ் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. அலபாமா மாநிலத்தில் சிக்கசா என்ற சிற்றூர். ஊர் முழுவதும் ஒரு கப்பல் கட்டும் கம்பெனிக்குச் சொந்தம், தெரு உட்பட. யெகோவாவின் சாட்சிகளைச் சேர்ந்த ஒரு பெண் தபால் நிலையத்துக்குப் பக்கத்து நடைபாதையில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுத்தார். அத்துமீறல் என்று கைது. ஊர் தனியாருக்குச் சொந்தமாக இருந்தாலும், அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள், அவர்களும் குடிமக்கள்தான், எனவே அவர்களுக்குச் செய்தி போய்ச் சேரும் உரிமையைச் சொத்துரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்றது நீதிமன்றம். ரந்தாவிலோ பகாவிலோ அந்த ஆண்டு ஒரு சங்கத்துக்காரர் இந்த வாதத்தை எடுத்து வைத்திருந்தால் மாஜிஸ்திரேட் சிரித்திருப்பார். அமெரிக்காவை உயர்த்திப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. முதல் உலகப் போரின்போது அமெரிக்கன் புரொடக்டிவ் லீக் என்ற தனியார் அமைப்பு சுமார் இரண்டரை லட்சம் உறுப்பினர்களைச் சேர்த்து, பக்கத்து வீட்டுக்காரன் போருக்கு எதிராகப் பேசுகிறானா என்று வேவு பார்த்துக் கொடுத்தது. அரசு அதற்கு ஆசி வழங்கியது. அந்த நாட்டுக்கும் இந்த வியாதி நன்றாகத் தெரியும்.

1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று துரைமார் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. பான்-மலாயன் சம்மேளனம் அதே மாதம் தடைசெய்யப்பட்டது. தோட்ட முதலாளிகள் இத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருந்தது கடைசியில் சட்டமாகவே கிடைத்தது என்று சொன்னால் மிகையில்லை. ஆயுதக் கிளர்ச்சி உண்மை, கொலைகள் உண்மை, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் யார் கிளர்ச்சிக்காரன், யார் கூலி கூட்டிக் கேட்ட சங்கத்துக்காரன் என்று பிரித்துப் பார்க்க அரசிடம் நேரமும் இல்லை, ஆளும் இல்லை. தோட்டத்தில் யார் எப்படி என்று யாரைக் கேட்பது? நிர்வாகத்தைத்தான். நேற்று வரை வேலையை மட்டும் பறிக்க முடிந்த ஒரு சொல், இன்று விசாரணை இல்லாத சிறைக்கு அனுப்பும் சொல்லாக மாறியது. லைன்களைச் சுற்றி முள்வேலி வந்தது. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது.

1949 மே 3-ஆம் தேதி நெகிரி செம்பிலானின் ஜெலுபு பகுதியில் தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் கோலாலம்பூர் புடு சிறையில் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு கருணை கேட்டும் பயனில்லை. ஒரே நாள் இடைவெளியில் இரண்டு பேர். அதற்குப் பிறகு தோட்டங்களில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பேச்சே நடந்திருக்காது.

மிஞ்சியது நாராயணன் பக்கத்துச் சங்கம். 1954-இல் பல சங்கங்கள் சேர்ந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின. நான் நாராயணனைத் துரோகி என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவன் இல்லை. கூலியும் ஒப்பந்தமும் வாங்கித் தந்தவர் அவர், முள்வேலிக்குள் இருந்துகொண்டு. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்துக்குள் நுழைந்து பேசும் அனுமதி அப்போதிலிருந்து ஒரு சலுகை ஆனது. எப்படிப் பேசுகிறவர் என்று தெரிந்த பிறகு கொடுக்கப்படும் சலுகை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கதை ஒருபக்கமாகிவிடும். காதுகள் முதலாளியுடையவை மட்டும் இல்லை. 1947 வாக்கில் கெடாவில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடை மறியலில் வீரம் காட்டியது, ரத்தமும் சிந்தியது. அதே படை குடித்தவனைக் கண்டுபிடித்துத் தண்டித்தது. ஜப்பானியர் காலத்தில் யார் சந்தா கொடுக்கவில்லை, யார் தேசத்துக்கு எதிராகப் பேசினான் என்று கவனித்தவர்கள் நம் ஆட்களே. காட்டிலிருந்து வந்தவர்கள் யாரைத் துரோகி என்று பட்டியல் போட்டார்கள் என்பதும் தோட்டத்துப் பெரியவர்களுக்குத் தெரியும், அதை அவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். நல்ல நோக்கத்தோடு காது வைப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கப்படுகிறவனுக்கு அந்த நோக்கம் தெரிவதில்லை, பயம்தான் தெரிகிறது.

1957-இல் அரசியலமைப்பு வந்தது. 10-ஆவது பிரிவு பேச்சுச் சுதந்திரம் கொடுக்கிறது, குடிமக்களுக்கு. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத்துக்காரர்கள் அந்த வாசற்படிக்கு வெளியே நின்றார்கள். உள்ளே இருந்தவர்களுக்கும் இன்னொரு கதவு பூட்டியிருந்தது. அது வெளிப்படையாகத் தெரிந்தது 2005-இல். மலேசிய விமான நிறுவனத்தில் பணிப்பெண்ணாக இருந்த பியாட்ரிஸ் பெர்னாண்டஸ், கர்ப்பமானதால் வேலையிழந்து வழக்குப் போட்டவர். அரசியலமைப்பு உரிமை என்பது அரசுக்கும் தனிமனிதனுக்கும் இடையிலானது, ஒரு தனியார் இன்னொரு தனியாரின் உரிமையை மீறினால் அது பொருந்தாது என்று கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கர்ப்பத்துக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தோட்டத்தை வைத்துப் பார்த்தால் புரியும். ஒரு முதலாளியோ ஒரு சங்கமோ உன் பேச்சைக் கேட்டு உன் வேலையைப் பறித்தால் 10-ஆவது பிரிவு உனக்கு உதவாது. கிள்ளான் தொழிலாளி 1941-இல் கோரிக்கையை முதலாளியிடம் வைத்தது எவ்வளவு சரியான கணக்கு!

அவசரகாலம் தொடங்கிய அடுத்த மாதமே வந்த இன்னொரு சட்டம் நிந்தனைச் சட்டம், 1948. இனங்களுக்கு இடையே மட்டுமல்ல, வர்க்கங்களுக்கு இடையேயும் பகைமையை வளர்க்கும் பேச்சு குற்றம் என்கிறது அது. துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே என்று வாசித்துப் பாருங்கள். இன்றும் உயிரோடு இருக்கிறது அந்தச் சட்டம். இன்று அதைக் கிளப்பிவிடுவது பெரும்பாலும் போலீஸ்காரர் இல்லை. ஏதோ ஒரு அரசு சாரா இயக்கம் ஒருவரின் முகநூல் பதிவைப் படம் பிடித்து எடுத்துக்கொண்டு, நிருபர்களையும் கூட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போய் ரிப்போர்ட் செய்கிறது. மலாய் இயக்கங்கள் செய்கின்றன, இந்து இயக்கங்களும் செய்கின்றன, தமிழ் இயக்கங்களும் செய்கின்றன. ரிப்போர்ட் வந்தால் விசாரிக்க வேண்டியது எங்கள் கடமை என்கிறது போலீஸ். விசாரணை முடிந்து வழக்கே இல்லை என்றாலும், கைப்பேசி போய்விடும், முதலாளிக்குத் தகவல் போய்விடும்.

2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று பன்னிரண்டு பேரை சொஸ்மா சட்டத்தில் கைது செய்தார்கள். அவர்களில் ஒருவர் சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் பி. குணசேகரன். 2020 பிப்ரவரி 21-ஆம் தேதி அரசுத் தலைமை வழக்கறிஞர் டாமி தாமஸ் குற்றச்சாட்டுகளை மீட்டுக்கொண்டார். கைப்பேசியிலும் முகநூலிலும் தலைவர் படம் வைத்திருந்தது ஒருவரைப் பயங்கரவாதி ஆக்காது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. மாவோ படமும் சே குவேரா படமும் வைத்திருப்பவர்களை என்ன செய்வது என்ற தொனியில் விளக்கமும் கொடுத்தார். அது அரசு செய்த கைது, தனியார் கண்காணிப்பு இல்லை. ஆனால் நாலு மாதம் உள்ளே இருந்தவர்களைப் பற்றி ஊரில் பேசப்பட்ட பேச்சு எனக்குப் பழைய லைன் பேச்சையே நினைவூட்டியது. யாருடைய படத்துக்கு யார் விருப்பம் போட்டார் என்று திரும்பிப் பார்த்து அழித்துக்கொண்டிருந்தார்கள்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் ஒரு நல்ல வரி இருக்கிறது. ஒருவருடைய அரசியல் கருத்து 'நுண்மையான தரவு' என்று வகைப்படுத்தப்பட்டிருக்கிறது, அவருடைய நோய் விவரத்துக்கும் மத நம்பிக்கைக்கும் பக்கத்தில். வெளிப்படையான சம்மதம் இல்லாமல் தொடக் கூடாது. ஆனால் அந்தச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கு மட்டுமே பொருந்தும். மத்திய, மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தாது. ஆக, உங்களுக்குச் சோப்பு விற்கிற கம்பெனி உங்கள் அரசியலைக் குறித்து வைக்கக் கூடாது. உங்களைக் காட்டிக்கொடுப்பதற்கென்றே பட்டியல் வைத்திருக்கும் இயக்கம், வணிகம் செய்யாதவரைக்கும், வைத்துக்கொள்ளலாம்.

பிரிட்டனில் 1919-இல் முதலாளிகள் சேர்ந்து எகனாமிக் லீக் என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள், சோஷலிசத்துக்கு எதிரான பிரச்சாரத்துக்காக. அது பல பத்தாண்டுகள் தொழிலாளர்களின் அரசியலைப் பற்றிக் கோப்பு வைத்துக் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. 1993-இல் அது கலைந்தபோது கட்டுமானத் துறைக் கோப்புகள் கன்சல்டிங் அசோசியேஷன் என்ற இன்னொரு அமைப்பின் கைக்குப் போயின. 2009-இல் அங்கே அதிகாரிகள் சோதனை போட்டார்கள். 3,213 பேரின் பெயர்கள் இருந்தன. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வைத்துத்தான் அந்தச் சோதனை நடந்தது. தொழிலாளர்கள் கடிதம் எழுதி, தங்கள் கோப்பின் நகலைக் கேட்டு வாங்கினார்கள். எந்த வருஷம், எந்தக் கூட்டத்தில், என்ன பேசியதற்காகத் தனக்கு வேலை மறுக்கப்பட்டது என்பதைச் சிலர் இருபது வருஷம் கழித்துத் தாளில் படித்தார்கள். 2016-இல் கம்பெனிகள் நூற்றுக்கணக்கானவர்களுக்கு இழப்பீடு கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டன.

நம் சட்டத்திலும் தரவைக் கேட்டு வாங்கும் உரிமை உண்டு, வணிக நிறுவனத்திடம். சிரம்பானில் ஒரு இளைஞர் தன் பதிவுகளைச் சேகரித்து வைத்திருக்கும் இயக்கத்துக்கு அப்படி ஒரு கடிதம் எழுதினால், அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.